தெரியாத ஆட்கள் மாதிரி

விமான நிலையத்தில் நானும் என் கணவரும் சேர்ந்து நடப்பதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. அவர் ஒரு கியூவில் நிற்பார், நான் இன்னொன்றில் நிற்பேன். அவர் எனக்கு முதல் போய்விட்டால் அந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்ப மாட்டேன். ஊரிலிருந்து ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்குக் கொண்டுவருகிற ஏஜென்சிக்காரர்கள் எங்கள் இரண்டு பேருக்கும் வேறு வேறு நாட்டில், வேறு வேறு வருசத்தில் படிப்பித்த பாடம் அது. ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஆட்கள் மாதிரி நில்லுங்கோ. ஒருத்தர் பிடிபட்டால் மற்றவர் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருங்கோ.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கம் எங்கள் ஆட்களை விட்டுப் போகவில்லை. லண்டனில் நாங்கள் இருக்கிற மனோர் பார்க்கிலிருந்து பாரிசுக்குக் கலியாணத்துக்குப் போகிற கோச் பஸ்ஸில் ஒரு தரம் ஏறிப் பார்த்தால் விளங்கும். லண்டன் தாண்டுமட்டும் பகிடியும் சிரிப்பும் பலகாரப் பெட்டியும் கை மாறும். துறைமுகம் கிட்ட வரவர ஒவ்வொருவராக வாயை மூடுவார்கள். சம்பந்திமார் இரண்டு பேர் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு முன்பின் கண்டறியாதவர்கள் போல இருப்பார்கள். எல்லோரிடமும் முறையான பாஸ்போர்ட் இருக்கும். நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள்தான். 2009க்குப் பிறகு எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை.

அந்த வருசம் மே மாதத்தோடு எங்கள் வீடு செத்தவீடு மாதிரி ஆகிவிட்டது. ஊரில் சண்டை எப்படி முடிந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு முந்தின கிழமைகளில் இவர் வேலை முடிந்ததும் நேரே பாராளுமன்றத்துக்கு முன்னால் போய், சனத்தோடு சனமாகக் கத்திவிட்டு, தொண்டை கட்டிப்போய் வருவார். எல்லாம் முடிந்த பிறகு மனுசனிடம் கதையே இல்லை. பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்டுக்குப் போவார், வருவார், ரி.வி.யைப் போடாமலே அதற்கு முன்னால் குந்தியிருப்பார். எங்களுக்கு ஒரே மகள். அப்போது எட்டு வயது. அவள் வீட்டுக்குள் துள்ளாமல், சத்தம் போடாமல் நடக்கப் பழகிவிட்டாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் வயிறெரியும்.

ஓகஸ்டில் ஒரு நாள் அவர் விமான டிக்கெட் அடித்த தாளைக் கொண்டுவந்து சமையல் மேசையில் வைத்தார்.

“ஜெனோவா. மலிவாக் கிடைச்சது. பிள்ளைக்கும் பள்ளிக்கூட லீவு. நாலு நாள் நிண்டிட்டு வருவம்.”

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

“உங்களுக்கு உலகத்தில வேற ஊர் கிடைக்கேல்லையோ?”

ஜெனோவா இத்தாலியின் பழைய துறைமுக நகரம். லண்டனுக்கு வருவதற்கு முன்னால் என்னை ஒரு மாரி காலம் முழுக்க ஏஜென்சிக்காரன் ஒளித்து வைத்திருந்தது அங்கேதான். துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள ஒடுங்கின ஒழுங்கைகளில் ஒரு கட்டடம், அதன் மேல்மாடியில் ஒரு அறை, அறை நிறையப் பெண்கள். கப்பல் ஊதுகிற சத்தம் பகல் முழுக்கக் கேட்கும். கடலைக் காண ஏலாது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் மூக்கில் முட்டும். ஒரு நாள் எங்களில் ஒருத்திக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. மருந்து வாங்க என்று நான் கீழே இறங்கினேன். மூலை திரும்பவில்லை, பொலிஸ் பிடித்துக்கொண்டது.

பத்து விரலுக்கும் மை பூசி உருட்டி எடுத்தார்கள். பெயர் கேட்டார்கள். ஏஜென்சிக்காரன் பாடமாக்கித் தந்த பெயரைச் சொன்னேன். அது யாரோ ஒருத்தியின் பெயர், அவளை நான் கண்டதே இல்லை. நாட்டை விட்டு வெளியேறச் சொல்லி ஒரு கடதாசித் துண்டைத் தந்து விட்டுவிட்டார்கள். பிறகு ஒரு லொறிக்குள் இருந்து லண்டன் வந்தேன். இங்கே என் சொந்தப் பெயரில் அகதி அந்தஸ்துக் கேட்டேன். இத்தாலியைப் பற்றி மூச்சு விடவில்லை. விசா வந்தது, கலியாணம் நடந்தது, பிள்ளை பிறந்தது, பிரஜாவுரிமையும் வந்தது.

ஆனால் என் பத்து விரலும் வேறொருத்தியின் பெயரில் ஜெனோவாவில் கிடக்கிறது. அங்கே திரும்பப் போய் ஒரு பொலிஸ்காரன் என் கையைப் பிடித்து அந்த விரலை இந்தப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துவிட்டால்? பொய் சொல்லி எடுத்தது என்று பாஸ்போர்ட்டைப் பறிப்பார்கள், திருப்பி அனுப்புவார்கள் என்று கடை கடையாய்க் கதை கேட்டிருக்கிறேன். எவ்வளவு உண்மை, எவ்வளவு புளுகு என்று யாருக்குத் தெரியும். சிறையில் போட்டால்கூடப் பரவாயில்லை என்றுதான் நினைப்பேன். பிள்ளையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான் என்னைத் தின்றது.

இவருக்கு இதெல்லாம் தெரியும். “அது மை பூசின காலத்துக் கதை. இப்ப ஆர் அதைத் தேடப் போறான்? நீர் இப்ப பிரிட்டிஷ்காரி” என்றார்.

“விரல் அதே விரல்தானே.”

அவர் தாளை மடித்தார், திரும்ப விரித்தார். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “கப்பல் சத்தம் கேட்டனான், ஆனாக் கடலைக் காணேல்லை எண்டு எத்தினை தரம் சொல்லியிருக்கிறீர். அதுதான் அந்த ஊரைப் பாத்து எடுத்தனான். வேண்டாமெண்டால் விடும்.”

மே மாதத்துக்குப் பிறகு அந்த மனுசன் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் வந்த முதல் கதை அதுதான். எனக்கென்று ஒன்றை யோசித்துச் செய்திருக்கிறார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? “சரி, வாறன்” என்றேன். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

ஜெனோவா விமான நிலையத்தில் அவர் ஒரு கியூ, நானும் மகளும் இன்னொரு கியூ. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஆள் சுவிங்கம் சப்பிக்கொண்டிருந்தான். படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், பாஸ்போர்ட்டைத் தள்ளிவிட்டான். விரல் கேட்கவில்லை. உள்ளே விட்டுப் பிறகு பிடிப்பான்களோ என்று எனக்கு அதிலும் ஒரு பயம்.

ஊர் வடிவான ஊர்தான், அதில் பொய் சொல்லக் கூடாது. மலை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. இறங்குகிற வழியெல்லாம் மஞ்சளும் சிவப்புமாய் வீடுகள், பச்சை ஜன்னல்கள். சில சுவர்களில் ஜன்னல் இல்லாத இடத்தில் ஜன்னலை வர்ணத்தால் கீறி வைத்திருக்கிறார்கள், தூரத்தில் நின்று பார்த்தால் உண்மை போலவே இருக்கும். மகளுக்கு எது மெய், எது கீறினது என்று கண்டுபிடிப்பதே விளையாட்டாகிப் போனது. பழைய வியாபாரிகள் கட்டின மாளிகைகளை ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார்கள். நான் தொப்பிகளைப் பார்த்துக்கொண்டு போனேன். அந்த நாட்டில் எத்தனை விதமான பொலிஸ் இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். நீலச் சட்டை ஒன்று, சிவப்புக் கோடு போட்ட கறுப்புக் காற்சட்டை ஒன்று, வெள்ளை பெல்ட் கட்டினது ஒன்று. எதைக் கண்டாலும் மகளின் கையை இறுக்கிப் பிடித்தேன். “அம்மா, நோகுது” என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இரண்டாம் நாள் அங்கத்தைய பெரிய தேவாலயத்துக்குப் போனோம். கறுப்பும் வெள்ளையுமாகக் கல்லை வரிவரியாய் அடுக்கிக் கட்டினது. வாசல் படியில் இரண்டு பக்கமும் கற்சிங்கங்கள். உள்ளே வலது பக்கச் சுவரோடு ஒரு எறிகணையை நிறுத்தி வைத்திருந்தார்கள். உண்மையான எறிகணை. எங்கள் மகளின் உயரத்துக்குக் குறையாது. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் கப்பல் கடலில் நின்று அடித்ததாம். சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து விழுந்து, வெடிக்காமல் கிடந்ததாம். பக்கத்தில் நின்று ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு படம் எடுத்தது.

“அம்மா, இது உண்மையானதோ?” என்று மகள் கேட்டாள்.

“ஓம்.”

“அப்ப ஏன் வெடிக்கேல்ல?”

“சிலது வெடிக்காது, பிள்ளை” என்று இவர் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நாங்கள் வந்து பார்த்தால் சிங்கத்துக்குப் பக்கத்தில், படியில் குந்தியிருந்து குலுங்கிக் குலுங்கி அழுகிறார். மே மாதத்தில் அழவில்லை, ஜூனில் அழவில்லை, பட்டப்பகலில் அந்நிய ஊரின் தேவாலயப் படியில் இருந்து அழுகிறார். போகிற வருகிற சனம் பார்க்கிறது. ஐயோ பாவம் என்று நான் அவருடைய தோளைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே நாலு பக்கமும் பார்த்தேன், பொலிஸ் ஏதும் வருகுதோ என்று. என் பயம் அந்த அளவுக்கு என்னைக் கெடுத்து வைத்திருந்தது.

கொஞ்சம் ஆறின பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு அவரே சொன்னார். “அடிச்சது பிரிட்டிஷ்காரன். அவன்ர பாஸ்போர்ட்டிலதான் நாங்கள் அதைப் பாக்க வந்திருக்கிறம்.” எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு இரவு அவர் இரண்டு தரம் சோறு கேட்கிற மாதிரி இரண்டு தட்டு பாஸ்தா வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது. துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கைகளுக்குள் நடந்துகொண்டிருந்தோம். இவர் ஒரு பேக்கரிக்குள் போனார், ஒலிவ் எண்ணெய் மினுங்குகிற தட்டைப் பாண் அங்கே பேர்போனது. நானும் மகளும் வெளியே நின்றோம். சுவரோரம் ஆபிரிக்கப் பெடியன்கள் சிலர் துணி விரித்துக் கைப்பைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அவர்கள் துணியின் நாலு மூலையையும் அள்ளிக்கொண்டு ஓடத் தொடங்கினார்கள். மேல்முனையிலிருந்து இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். ஓட முடியாத ஒருவனைச் சுவரோடு நிறுத்திப் பேப்பர் கேட்டார்கள். கேட்டுவிட்டு எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்த நேரம் நான் பிரிட்டிஷ்காரியும் இல்லை, பிள்ளையோடு ஊர் பார்க்க வந்த தாயும் இல்லை, மருந்து வாங்கப் போய்ப் பிடிபட்ட அதே குமர்ப்பிள்ளை. மகளை இழுத்துக்கொண்டு ஒரு கட்டட வாசலுக்குள் ஒதுங்கினேன். குந்தியிருந்து அவளுடைய இரண்டு தோளையும் பிடித்தேன். என் வாயிலிருந்து ஏஜென்சிக்காரன் கதைத்தான்.

“பிள்ளை, கேள். இவை வந்து கேட்டால் என்னைத் தெரியாது எண்டு சொல்லு. என்னைக் கொண்டுபோனால் பின்னால வராதே, அப்பாட்டை ஓடு. ஆர் என்ன கேட்டாலும் வாய் திறக்காதே. அப்பா சொல்லச் சொன்னால் மட்டும் சொல்லு. விளங்குதோ?”

மகள் என் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்கிற பிள்ளை, தலையை மட்டும் ஆட்டினாள்.

பொலிஸ்காரர் எங்களைக் கடந்து போனார்கள். ஒருவன் மகளைப் பார்த்துச் சிரித்து, “சாவ்” என்று தங்கள் பாஷையில் வணக்கம் சொல்லி, கையும் காட்டிவிட்டுப் போனான். அவ்வளவுதான். இவர் பாணோடு வெளியே வந்து, “என்ன, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறீர்?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். உண்மையிலேயே ஒன்றும் நடக்கவில்லை. அதனால் மகளிடம் சொன்னதைத் திருப்பி எடுக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

கடைசி நாள் பஸ் எடுத்து, நகரத்தின் ஓரத்தில் உள்ள ஒரு சின்ன மீன்பிடிக் குடாவுக்குப் போனோம். மணல் இல்லை, கூழாங்கல்தான். வீடுகளின் காலடி வரைக்கும் கடல் வந்து போகிறது. காற்சட்டையை மடித்துவிட்டு இவர் முழங்கால் தண்ணீரில் நின்றார். “இப்பவாவது கண்டீரோ கடலை?” என்று கேட்டார்.

“கண்டன், கண்டன்” என்றேன்.

நிறையச் சந்தோசமாக இருந்தது. கப்பல் ஒன்று ஊதியது, எனக்கு நெஞ்சு இடிக்கவில்லை. மகள் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் கதை குறைவாக இருந்தது. வெயிலில் அலைந்த களைப்பு என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் ஜெனோவாவிலிருந்து வெளிக்கிட்டபோது பாஸ்போர்ட் பார்த்த பெண் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விமானம் மேலே எழும்பினதும் எனக்கு உயிர் திரும்பி வந்தது. பயந்ததெல்லாம் வீண், இனிமேல் ஒரு கரைச்சலும் இல்லை, எங்கள் ஊருக்குப் போகிறோம் என்று நினைத்தேன். எங்கள் ஊர் என்றால் அப்போது மனதில் வந்தது மனோர் பார்க்தான். இவருடைய தோளில் சாய்ந்து நித்திரையும் கொண்டேன்.

லண்டனின் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் இறங்கினதும் கால்கள் தாமாகவே பிரிந்துவிட்டன. அவர் ஒரு கியூ, நானும் மகளும் இன்னொரு கியூ. அவர் முதலே கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். எங்கள் முறை வந்தது. கண்ணாடி போட்ட, நடுத்தர வயது அதிகாரி. மரியாதையான பெண்தான். என் பாஸ்போர்ட்டையும் மகளின் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எங்கள் வழக்கத்தில் அவரவருக்கு அவரவர் அப்பாவின் பெயர்தான் பின்னால் வரும். எனக்கு என் அப்பாவின் பெயர், இவருக்கு இவருடைய அப்பாவின் பெயர், மகளுக்கு இவருடைய பெயர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். வெள்ளைக்காரர் பார்த்தால் மூன்று வேற்று ஆட்கள்.

அதிகாரி மேசைக்கு மேலால் எட்டி மகளைப் பார்த்துச் சிரித்தார். “உன்னோடு வந்திருக்கிற இந்தப் பெண் யார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மகள் நிலத்தைப் பார்த்தாள். பேசவில்லை.

பிள்ளைக்கு நித்திரைத் தூக்கம் என்று நினைத்தேன். “சொல்லன், பிள்ளை” என்று சொல்லப் போனேன். அதிகாரி கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “தயவுசெய்து நீங்கள் பேச வேண்டாம். பிள்ளை சொல்லட்டும்.” பிறகு மகளிடம், மெல்ல, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். “இந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா?”

மகள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு அந்தக் கட்டட வாசல் ஞாபகம் வந்தது. ஜெனோவாவில் ஒரு பொலிஸ்காரனும் செய்யாததை நானே செய்து வைத்திருக்கிறேன். வாய் திறக்கவும் ஏலாது, தமிழில் ஒரு சொல் சொன்னால் மிரட்டுகிறேன் என்று நினைப்பார்கள். கியூவில் பின்னால் நின்ற ஆட்கள் என்னைப் பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். அதிகாரி எங்கள் பாஸ்போர்ட்டுகளை மூடி வைத்துவிட்டு ரெலிபோனை எடுத்தார். இன்னொருவர் வந்து மகளை என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். அவள் அழவில்லை. உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு நேராக நின்றாள்.

நான் அந்தப் பக்கம் பார்த்தேன். இவர் பெட்டியோடு நின்றார். எங்களைக் கண்டுவிட்டார். கண்டுவிட்டு முகத்தைத் திருப்பி, சுவரில் இருந்த விளம்பரப் பலகையைப் பார்த்தார். பிடிபட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் போல நான் வாழ்க்கையில் ஒரு நாளும் பயந்ததில்லை. லொறிக்குள்ளும் இல்லை. மை பூசினபோதும் இல்லை.

பிறகு அவருடைய தோள் ஒரு தரம் ஆடியது. பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, வருகிற சனத்துக்கு எதிராக எங்களை நோக்கி நடந்து வந்தார். ஒரு ஊழியர் மறித்தார். “அது என்ர மனுசி. அது என்ர பிள்ளை” என்று இவர் முதலில் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னார்.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா, இப்ப சொல்லலாமோ?” என்று கேட்டாள்.

இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லையே. என் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, “ஓம் குஞ்சு, சொல்லு” என்றார்.

“அம்மா” என்று மகள் சொன்னாள். சொல்லிவிட்டு ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள்.

அதிகாரி, பிள்ளை முதலில் என்ன கேட்டாள் என்று என்னிடம் கேட்டார். நான் அவளுடைய அம்மா என்று இப்போது சொல்லலாமா என்று கேட்டாள், என்று சொன்னேன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகும் இவருடைய பெயரையும் மகளின் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்து, இன்னும் சில கேள்விகள் கேட்டுத்தான் விட்டார். அவர் தன்னுடைய வேலையைச் செய்தார், அவரில் பிழையில்லை.

வீட்டுக்குத் திரும்பின கோச்சில் மூன்று பேரும் ஒரே வரிசையில் இருந்தோம், மகள் நடுவில். இவருக்கு நடந்ததைச் சொல்லி முடித்தேன். அவர் ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மகளுக்கு அப்போதுதான் கதை திரும்பியிருந்தது. “அம்மா, அந்த அன்ரி திரும்பத் திரும்பக் கேட்டவ. நான் சொல்லவே இல்லை” என்றாள். அவளுடைய குரலில் பெருமை இருந்தது. “நான் சரியாச் செய்தனானோ?”

“ஓம் பிள்ளை. சரியாத்தான் செய்தனி. இனி அப்பிடிச் செய்யத் தேவையில்லை.”

“எப்பவுமே தேவையில்லையோ?”

இவர் என்னைப் பார்த்தார். நான் மகளின் தலையைத் தடவிக்கொண்டு, எப்பவுமே தேவையில்லை என்று சொன்னேன். அதைச் சொல்லும்போதும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.